பென்சனுக்குப் பிறகு ஒரு கதிரை: முன்னாள் அதிகாரிகளை எந்த விதி தடுக்கிறது?

முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவுக்கு எதிரான குற்றப்பத்திரிகையைத் தொடர்ந்து கொண்டு நடத்தப்போவதில்லை என்று 2021 ஒக்ரோபரில் சட்டமா அதிபர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் கரன்னாகொட வடமேல் மாகாண ஆளுநராகப் பதவியேற்றார். இடையில் முழுதாக இரண்டு மாதங்கள்கூடப் போகவில்லை.

வழக்கு எதுவென்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2008, 2009 காலப்பகுதியில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் 11 பேர் கடத்தப்பட்டு, கப்பம் கேட்கப்பட்டு, திருகோணமலைக் கடற்படை முகாம்வரை கொண்டுசெல்லப்பட்டு, பிறகு காணாமல் ஆக்கப்பட்ட வழக்கு. பெரும்பாலானோர் தமிழர்கள். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். நான் வசிக்கும் மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனை ஒரு குறுகிய பஸ் பயணம்தான். 2019 நவம்பரில் 14 பேருக்கு எதிராகக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டபோது அவர்களில் ஒருவராகக் கரன்னாகொடவும் இருந்தார். குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தே வந்திருக்கிறார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளியாகக் காணவில்லை. விசாரணை தொடங்கியதே தன் உதவியாளர் ஒருவர்மீது 2009இல் அவர் செய்த முறைப்பாட்டிலிருந்துதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் எழுத வந்தது அந்தக் குற்றம் பற்றி அல்ல. அந்த டிசம்பர் நியமனத்தைத் தடுக்கவோ, குறைந்தபட்சம் சில வருடங்கள் தள்ளிப்போடவோ இலங்கையில் ஏதாவது ஒரு விதி இருந்ததா என்பதைப் பற்றி. இருக்கவில்லை. இன்றும் இல்லை.

எங்கள் தெருவில் வாடகை வீட்டில் மகளோடு இருக்கும், வன்னியிலிருந்து வந்த ஓர் அம்மா இதை என்னிடம் வேறு விதமாகக் கேட்டார். “பிள்ளை, பென்சன் எடுத்திட்டா அரசாங்கத்தோட இருந்த கணக்கு முடிஞ்சுதெண்டுதானே அர்த்தம்? பிறகு என்னண்டு இவையள் திரும்பவும் பெரிய கதிரையில வந்து இருக்கினம்?” சட்டப் புத்தகங்களில் பல பக்கங்களுக்கு எழுதப்பட்டிருக்கும் ஒரு கேள்வி இது. உலகின் பல நாடுகள் இதற்கு விதி வைத்திருக்கின்றன. அந்த விதிகள் என்ன சொல்கின்றன, அவற்றில் எது எங்களுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பார்க்கலாம்.

சுழலும் கதவு

அரச பதவியிலிருந்து வெளியே வந்து தனியார் நிறுவனத்துக்கும், அங்கிருந்து மீண்டும் அரசுக்கும் போய்வருவதைச் சுழலும் கதவு என்பார்கள். ஜப்பானில் இதற்கு ‘அமகுதாரி’ என்று பெயர். விண்ணிலிருந்து இறங்கி வருதல் என்று அர்த்தம். ஓய்வுபெறும் அதிகாரி, நேற்றுவரை தான் கண்காணித்த கம்பனியின் பணிப்பாளர் சபையில் தேவனைப்போல வந்து இறங்குவார்.

இதில் என்ன தப்பு? ஓய்வுபெற்றவரும் உழைக்கத்தானே வேண்டும்? உழைக்கலாம். பிரச்சினை அவர் ஓய்வுபெற்ற பிறகு செய்யும் வேலையில் மட்டும் இல்லை, ஓய்வுக்கு முந்திய கடைசி இரண்டு மூன்று வருடங்களில் இருக்கிறது. அடுத்த கதிரையை யார் தரப்போகிறார் என்று தெரிந்த ஓர் அதிகாரி, தன் மேசையில் இருக்கும் கோப்பை எந்தப் பக்கம் தள்ளுவார் என்பதுதான் கேள்வி. கைமாறும் பணம் இல்லை. கடிதம் இல்லை. இலஞ்சம் என்று நிரூபிக்க ஒன்றுமே இருக்காது. ஆகவேதான் குற்றத்தை நிரூபிப்பதற்குப் பதிலாக, இத்தனை காலத்துக்கு இந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று முன்கூட்டியே ஒரு வேலியைப் போடுகிறார்கள். அந்தக் காலத்தை ஆறவிடும் காலம் என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் இது குற்றவியல் சட்டமாகவே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட விவகாரத்தை நேரடியாகக் கையாண்ட அதிகாரி, அதே விவகாரத்தில் இன்னொருவருக்காக அரசின் முன் போய் வாதாட வாழ்நாள் தடை. தன் மேற்பார்வையின் கீழ் மட்டும் இருந்த விவகாரமென்றால் 2 ஆண்டுகள். மூத்த அதிகாரிகள் தாம் வேலை செய்த திணைக்களத்தை இன்னொருவருக்காக அணுக 1 ஆண்டுத் தடை. இந்தியாவில் மத்திய அரசின் உயர் அதிகாரிகள் ஓய்வுபெற்று 1 ஆண்டுக்குள் வணிக வேலையில் சேர்வதென்றால் அரசின் முன் அனுமதி வேண்டும். முன்பு அது 2 ஆண்டுகளாக இருந்தது.

பிரித்தானியாவில் முன்னாள் அமைச்சர்களும் மூத்த அதிகாரிகளும் புதிய வேலைக்குப் போகுமுன் ஆலோசனை பெறுவதற்கென்று 1975 முதல் ஒரு குழு இருந்தது. ஆலோசனை சொல்வதைத் தவிர அதற்குப் பல் இருக்கவில்லை. முன்னாள் பிரதமர் டேவிட் கமரூன் 2016இல் பதவி விலகினார். 2 ஆண்டு எல்லை முடிந்ததும் கிறீன்சில் என்ற நிதி நிறுவனத்தில் சேர்ந்தார். 2020இல் அந்த நிறுவனத்துக்காக அமைச்சர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். விதியை அவர் மீறவே இல்லை என்பதுதான் அங்கே ஊழலாகப் பேசப்பட்டது. அந்தக் குழுவை 2025 ஒக்ரோபரில் மூடி, வேலையை வேறு இரண்டு அமைப்புகளிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஊழலுக்கு எதிரான ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, முன்னாள் அரச அதிகாரிகள் தாம் வகித்த பொறுப்போடு நேரடியாகத் தொடர்புடைய தொழில்களில் ஈடுபடுவதை நியாயமான ஒரு காலத்துக்குக் கட்டுப்படுத்தும்படி நாடுகளைக் கேட்கிறது. இலங்கை 2004 மார்ச் 15இல் இந்தச் சமவாயத்தில் கையெழுத்திட்டு, அதே மாதம் 31ஆம் திகதி அதை உறுதிப்படுத்தியது. உலகிலேயே முதலில் உறுதிப்படுத்திய நாடுகளில் ஒன்று. இத்தனை வேகத்தை நாங்கள் வேறெந்தச் சமவாயத்திலும் கண்டதில்லை. அதற்குப் பிறகு 2023இல் ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்தது, நலன் முரண்பாட்டோடு முடிவெடுப்பதை ஒரு குற்றமாக்கியது. பதவியில் இருக்கும்போது செய்வதை அது பிடிக்கும். பதவியை விட்டுப் போகும் எல்லா உயர் அதிகாரிகளுக்கும் பொதுவான ஆறவிடும் காலம் ஒன்று இலங்கைச் சட்டத்தில் இல்லை.

இருக்கின்ற ஒரே வேலி

முழுக்க ஒன்றுமில்லை என்றும் சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 110ஆம் உறுப்புரையின்படி, உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நிரந்தர நீதியரசராக இருந்த ஒருவர் பிறகு எந்த நீதிமன்றத்திலும் சட்டத்தரணியாகத் தோன்றக்கூடாது. ஜனாதிபதியின் எழுத்துமூலச் சம்மதம் இருந்தால் தோன்றலாம்.

அந்தக் கடைசி வசனத்தைக் கவனியுங்கள். நிறைவேற்று அதிகாரத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதியரசரின் ஓய்வுகால உழைப்புக்கான சாவி, அந்த நிறைவேற்று அதிகாரத்தின் தலைவரிடமே இருக்கிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் எந்த நீதிமன்றத்திலும் வாதாட முடியாது. யாருடைய சம்மதத்தாலும் முடியாது. கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுக்குப் பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ எந்தப் பதவியும் ஏற்க முடியாதென்றும் அங்கே அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இந்தியாவின் வேலியிலும் ஒரு பெரிய ஓட்டை. வாதாடத்தான் தடை, ஆளுநராகத் தடை இல்லை. ஈரோட்டுப் பக்கத்தைச் சேர்ந்த பி. சதாசிவம் 2014 ஏப்ரலில் பிரதம நீதியரசராக ஓய்வுபெற்று, செப்டெம்பரில் கேரள ஆளுநரானார். ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அந்தத் தீர்ப்புக்காகத் தமிழர்கள் அவரை நன்றியோடு நினைக்கிறோம். அதற்காக அந்த நான்கு மாதச் சொச்ச இடைவெளி சரியாகிவிடாது. ரஞ்சன் கோகோய் 2019 நவம்பரில் ஓய்வுபெற்று 2020 மார்ச்சில் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்குப் போனார்.

உலகில் இருக்கும் விதிகள் பெரும்பாலும் தனியார் கம்பனியைத்தான் பயப்படுகின்றன. வங்கி, ஆயுத வியாபாரம், மருந்துக் கம்பனி. இலங்கையிலும் அப்படியான உதாரணங்கள் உண்டு. முன்னாள் சட்டமா அதிபர் திலக் மாரப்பன 2015இல் சட்டம் ஒழுங்கு அமைச்சராக இருந்தபோது அவன்ட் கார்ட் நிறுவனத்தை ஆதரித்துப் பாராளுமன்றத்தில் பேசினார். முன்பு அதே நிறுவனத்துக்கு அவர் சட்டத்தரணியாக இருந்தது பெரிய சர்ச்சையாகி, நவம்பரில் பதவி விலகினார். 2017இல் வெளிவிவகார அமைச்சராகத் திரும்பி வந்தார். ஆனால் போரால் பாதிக்கப்பட்ட எங்களுக்கு அந்தக் கம்பனிக் கதிரை இரண்டாம் பட்சம். இங்கே அடுத்த கதிரையைத் தருவது பெரும்பாலும் அரசுதான். தூதரகம், மாகாணம், அமைச்சு.

ஆளுநர் மாளிகையும் தூதரகமும்

மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி யாழ்ப்பாணப் பாதுகாப்புப் படைகளின் கட்டளைத் தளபதியாக இருந்தவர். போர் முடிந்து இரண்டு மாதத்தில், 2009 ஜூலையில், வடக்கு மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். நேற்று யாரிடம் பாஸ் கேட்டு வரிசையில் நின்றோமோ, இன்று அவரிடமே நிவாரணக் கடிதத்தோடு போக வேண்டியிருந்தது. 2015 ஜனவரி வரை அவர் இருந்தார். கிழக்கிலும் கடற்படையிலிருந்து வந்த ரியர் அட்மிரல் மொஹான் விஜேவிக்ரம நீண்டகாலம் ஆளுநராக இருந்தார். குடிசார் ஆளுநர் ஒருவர் வேண்டும் என்பது 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் முதல் கோரிக்கைகளில் ஒன்று. அரசியலமைப்பின் 154ஆ உறுப்புரை ஆளுநருக்கு எந்தத் தகைமையையும் விதிக்கவில்லை. ஜனாதிபதி நியமிக்கிறார், அவர் விரும்பும்வரை பதவியில் இருக்கலாம்.

தூதரகம் இன்னும் வசதியானது, ஏனென்றால் அதோடு விடுபாட்டுரிமையும் சேர்ந்து வருகிறது. 1961ஆம் ஆண்டின் வியன்னா சமவாயத்தின்படி ஒரு தூதுவரை அவர் பணியாற்றும் நாட்டில் கைதுசெய்ய முடியாது, குற்றவியல் வழக்கும் தொடர முடியாது. இறுதிப் போரில் 58ஆவது படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய சவேந்திர சில்வா 2010இல் ஐ.நா.வுக்கான துணை வதிவிடப் பிரதிநிதியாக நியூயோர்க்குக்கு அனுப்பப்பட்டார். அவர் அப்போது ஓய்வுபெற்றவர் அல்ல, சேவையிலிருந்தே அனுப்பப்பட்டவர். அங்கே அவருக்கு எதிராகத் தொடுக்கப்பட்ட சிவில் வழக்கை 2012 பெப்ரவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குற்றச்சாட்டுகளை விசாரித்துப் பொய் என்று கண்டதால் அல்ல, அவருக்கு இராஜதந்திர விடுபாட்டுரிமை இருந்ததால். பின்னர் அவர் இராணுவத் தளபதியானார்.

வவுனியா ஜோசப் முகாமில் இருந்த வன்னிப் பாதுகாப்புப் படைத் தலைமையகத்துக்கு 2007 முதல் 2009 வரை பொறுப்பாக இருந்தவர் ஜகத் ஜயசூரிய. இராணுவத் தளபதியாகவும் பாதுகாப்புப் படைகளின் பிரதானியாகவும் இருந்து ஓய்வுபெற்ற பிறகு 2015இல் பிரேசிலுக்குத் தூதுவராகப் போனார். 2017 ஓகஸ்டில் அங்கே அவருக்கு எதிராக முறைப்பாடு செய்யப்பட்டபோது அவர் நாடு திரும்பியிருந்தார். எந்தப் போர்வீரன்மீதும் கைவைக்க விடமாட்டேன் என்ற அர்த்தத்தில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மேடையில் பேசினார். நல்லாட்சி அரசு என்று நாங்கள் வாக்களித்த அரசு அது. கரன்னாகொடவின் வரிசையைப் பாருங்கள்: கடற்படைத் தளபதி, நெடுஞ்சாலை அமைச்சின் செயலாளர், ஜப்பானுக்கான தூதுவர், கடைசியில் ஆளுநர். அவர் ஆளுநராக இருக்கும்போதே 2023 ஏப்ரலில் அமெரிக்கா அவருக்குப் பயணத் தடை விதித்தது. 2025 மார்ச்சில் பிரித்தானியா தடை விதித்த நால்வரில் சவேந்திர சில்வா, கரன்னாகொட, ஜயசூரிய மூவரும் இருக்கிறார்கள்.

கோட்டாபய ராஜபக்ஷவின் காலத்தில் இது அமைச்சுகளுக்குள்ளும் வந்தது. 53ஆவது படைப்பிரிவின் முன்னாள் கட்டளை அதிகாரி கமல் குணரத்ன பாதுகாப்புச் செயலாளரானார். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் செயலணிக்கும் அவரே தலைவர். தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. சுகாதார அமைச்சின் செயலாளர், சுங்கப் பணிப்பாளர் நாயகம் என்று ஜெனரல்கள் போய் அமர்ந்தார்கள். அமெரிக்கச் சட்டம், இராணுவ அதிகாரியாக இருந்தவர் பல ஆண்டுகள் கழியும்வரை பாதுகாப்புச் செயலாளராக முடியாது என்கிறது. விலக்குக் கொடுக்கக் காங்கிரஸின் இரு சபைகளும் வாக்களிக்க வேண்டும். 1950இல் மார்ஷல், 2017இல் மற்றிஸ், 2021இல் ஒஸ்ரின் ஆகிய மூவருக்குத்தான் இதுவரை கொடுத்திருக்கிறார்கள். விதி நியமனத்தை முற்றாக நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று, பெயர் சொல்லி, காரணம் சொல்லி வாக்களிக்க வைத்தது.

சட்டமா அதிபரின் அடுத்த கதிரை

இராணுவத்தைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது மொஹான் பீரிஸின் பயணம். 2008 டிசம்பரிலிருந்து 2011 செப்டெம்பர் வரை, அதாவது இறுதிப் போரும் அதன் பின்னான தடுப்புக்காவல்களும் நடந்த காலத்தில், அவர் சட்டமா அதிபர். யாருக்கு எதிராக வழக்கு, யாருக்கு எதிராக இல்லை என்று தீர்மானிக்கும் கதிரை அது. ஓய்வுபெற்றதும் அமைச்சரவையின் சட்ட ஆலோசகரானார். 2011 நவம்பரில் ஜெனீவாவில் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. குழுவின் முன், காணாமல்போன ஊடகவியலாளர் பிரகீத் எக்னலிகொட வெளிநாடொன்றில் இருக்கிறார் என்று சொன்னார். 2012இல் ஹோமாகம நீதிமன்றத்தில் சந்தியா எக்னலிகொடவின் முன்னிலையில் அதுபற்றிக் கேட்கப்பட்டபோது, பிரகீத் எங்கே இருக்கிறார் என்று தனக்குத் தெரியாது என்றார். 2013 ஜனவரியில், குற்றப் பிரேரணை மூலம் ஷிராணி பண்டாரநாயக்க அகற்றப்பட்டு இரண்டே நாளில் பிரதம நீதியரசரானார். 2015இல் அந்த நியமனம் செல்லாது என்று சொல்லப்பட்டு வெளியேறினார். 2021இல் ஐ.நா.வுக்கான இலங்கையின் வதிவிடப் பிரதிநிதி.

அரசின் வழக்கறிஞர், அமைச்சரவையின் ஆலோசகர், அரசுக்கெதிரான மனுக்களைக் கேட்கும் தலைமை நீதிபதி, மீண்டும் அரசின் குரல். ஒவ்வொரு படியும் சட்டப்படிதான் நடந்தது என்று வாதாட முடியும். சட்டமா அதிபருக்கு 2 ஆண்டு ஆறவிடும் காலம் ஒன்று இருந்திருந்தால் 2013 ஜனவரி நியமனம் நடந்திருக்க முடியாது.

விதி இல்லையென்றால் எல்லோருக்கும் இல்லை என்று நினைக்காதீர்கள். சரத் பொன்சேகா 2009 நவம்பரில் பதவி விலகி 2010 ஜனவரியில் ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷவுக்கு எதிராக நின்றார். தோற்றதும் இராணுவ நீதிமன்றங்கள் கூடின. ஒன்று, சீருடையில் இருக்கும்போது அரசியல் செய்தார் என்றது. மற்றது, மருமகனுக்குத் தொடர்பான நிறுவனத்தின் கொள்வனவுகளில் முறைகேடு என்று 30 மாதச் சிறை கொடுத்தது. நலன் முரண்பாடு என்ற சொல்லை இலங்கை அரசு ஒரு தளபதிக்கு எதிராக இத்தனை தீவிரமாகப் பயன்படுத்தியது அப்போதுதான். மற்றத் தளபதிகள் தூதுவர்களானார்கள்.

எங்களுக்கு விருப்பமானவர்களுக்கும்

எங்களுக்குச் சங்கடமான இரண்டு பெயர்களையும் எழுதியாக வேண்டும்.

கடற்படைக் கடத்தல் வழக்கைத் துலக்கிய குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளர் ஷானி அபேசேகர. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் இடமாற்றப்பட்டார், 2020இல் கைதானார், 2021இல் பிணையில் வந்தார். ஓய்வுக்குப் பிறகு தேசிய மக்கள் சக்தியோடு சேர்ந்த ஓய்வுபெற்ற பொலிஸார் அமைப்பில் இருந்தார். அந்தக் கட்சி 2024இல் ஆட்சிக்கு வந்ததும் மீண்டும் திணைக்களத்துக்கு அழைக்கப்பட்டு, பிறகு பணிப்பாளருமானார். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு அது நல்ல செய்தி. எனக்கும்தான். ஆனால் கட்சி மேடையிலிருந்து நேரே விசாரணைக் கதிரைக்குப் போவதைத் தடுக்கும் விதி ஒன்றை நாங்கள் கேட்டால், அது அவரையும் தடுக்கும். அடுத்த ஆட்சி வந்து, இது அரசியல் விசாரணை என்று சொல்லி எல்லாக் கோப்புகளையும் மூடுவதற்கு இந்த நியமனம் ஒரு சாட்டாகலாம் என்ற பயமும் எனக்கு உண்டு.

மற்றவர் சி. வி. விக்னேஸ்வரன். உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து 2004இல் ஓய்வுபெற்று, 2013இல் வடக்கின் முதலமைச்சரானார். இடையில் ஒன்பது ஆண்டுகள், கதிரையைத் தந்தவர்கள் வாக்காளர்கள். இந்த இரண்டும் சேர்ந்ததால் அந்தப் பதவியை யாரும் தீர்ப்புக்கான கூலி என்று சொல்லவில்லை. ஒரு நல்ல விதியை எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்கலாம்: தேர்தலில் நிற்பதற்குக் குறுகிய இடைவெளி போதும், ஜனாதிபதி தரும் நியமனத்துக்கு நீண்ட இடைவெளி வேண்டும். தான் கட்டளையிட்ட மாவட்டத்துக்கோ மாகாணத்துக்கோ சிவில் பதவியில் போவதற்கு முழுத் தடை வேண்டும். குற்றவியல் விசாரணையில் பெயர் இருக்கும்வரை தூதரகப் பதவி கொடுக்கக் கூடாது. விலக்கு அவசியமென்றால் அதைத் தனியொருவரின் சம்மதத்துக்கு விடாமல் பாராளுமன்றம் பகிரங்கமாக வாக்களிக்கட்டும். இவற்றில் எதற்கும் புதிய தத்துவம் தேவையில்லை, 2004இல் ஒப்புக்கொண்டதை எழுதினால் போதும்.

அதுவரை எங்கள் கையில் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். எந்த அமைச்சு, எந்தக் கூட்டுத்தாபனம் என்றாலும் அதன் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. பணிப்பாளர் சபையில் இருப்பவர்களின் பெயர், முன்பு வகித்த அரச அல்லது படைப் பதவி, அதிலிருந்து ஓய்வுபெற்ற திகதி, இங்கே நியமனக் கடிதம் கிடைத்த திகதி, மாதக் கொடுப்பனவு என்று ஐந்து விடயங்களை மட்டும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தேசியப் பாதுகாப்பு என்று மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அவரும் கைவிரித்தால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். விண்ணப்பத்தின் பிரதியையும் பதிவுத் தபாலின் துண்டையும் கவனமாக வைத்திருங்கள். மேன்முறையீட்டில் முதலில் கேட்கப்படுவது அந்தத் திகதிதான்.